இரும்பு டிராயருக்குள் அடித்த மணி

1

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த கை இது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இந்தக் கையால் நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

திருவண்ணாமலையில் மைக்செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் தேரடி வீதியில் இரண்டு ஆள் உயரத்துக்கு சீரியல் பல்பில் மயில் நிறுத்தினேன். தோகை விரிந்து மூடும். ஊரே நின்று பார்த்தது. சிங்கப்பூருக்கு வந்து கப்பல் பட்டறையில் கேபிள் இழுத்தேன். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாமல், வரைபடத்தைக் கோலம் மாதிரி மனப்பாடம் செய்து வயரிங் படித்தேன். பிறகு முதியோர் மருத்துவமனைகளில் நோயாளி கூப்பிடும் மணி பொருத்தும் வேலை. படித்த எஞ்சினியர்கள் தலையைச் சொறிந்த இடத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "ஏழுமலையைக் கூப்பிடு, அவன் சுவரைத் தட்டிப் பார்த்தே சிக்னல் எங்கே சாகிறது என்று சொல்வான்" என்பார்கள். வீடு வாங்கினேன். மகளைக் கணக்காளர் ஆக்கினேன்.

கடைசியாக, செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி இருக்கும் நம் முதியோர் இல்லத்தில், இருபத்திரண்டு அறைக்கும் கம்பியில்லாத அவசர அழைப்பு மணி பொருத்தினேன். ஒரு சுவரைக்கூட உடைக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில், ஏணி ஏறி, நான் ஒருவனே.

இந்த வருஷம் இல்லத்தின் ஆண்டு மலருக்கு, "சிங்கப்பூர் வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதுங்க" என்று செயலாளர் கேட்டார். கூடவே மலரில் வரப்போகும் ஒரு பக்கத்தையும் பார்க்க அனுப்பியிருந்தார். அதில் இப்படி இருக்கிறது: "நிர்வாகத்தின் பெருமுயற்சியால் பொருத்தப்பட்ட நவீன அழைப்பு மணி, சென்ற தீபத் திருநாளன்று ஒரு தாயாரின் உயிரைக் காத்தது."

அந்தத் தாயார் என் மனைவி பச்சையம்மா. என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அதுவாவது போகட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ. அந்த வாக்கியமே உண்மை இல்லை. தீபம் மறுபடி வருகிறது. அதனால் சிங்கப்பூர் வாழ்க்கையோடு இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

சிங்கப்பூர் வாழ்க்கை என்றால் இதுதான். காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பேன். அதில் இருபத்திரண்டு பச்சைப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் இல்லத்தில் ஒரு அறை. யாராவது மணியை அழுத்தினால் அந்தப் புள்ளி சிவப்பாகி என் போன் அலறும். அங்கே யாராவது போய்ப் பார்த்து மணியை நிறுத்தினால் மறுபடி பச்சை. எனக்கு வேண்டியது ஏழாம் எண், பச்சையம்மாவின் அறை மட்டும். ஏழு பச்சையாக இருந்தால்தான் காபி இறங்கும். கீழே கடைக்குப் போனாலும், லிஃப்ட்டில் நின்றாலும், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாலும் கை போனைத் தடவிக்கொண்டே இருக்கும்.

பச்சையம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது இங்கே சிங்கப்பூரில்தான். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை ஒன்றுதான் மிச்சம். மருத்துவமனையில் ஒரு நாள் அந்தக் கையால் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, சாப்பாட்டுத் தாளில் ஒரு முக்கோணம் போட்டாள். அதன் உச்சியில் ஒரு புள்ளி வைத்தாள். மகள் கலா, "என்னப்பா இது, வீடா?" என்றாள். இங்கேயே பிறந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரிந்தது. மலை. உச்சியில் தீபம்.

கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்தேன். நானும் அவளோடு இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கேளுங்கள். இங்கே எனக்கு நிரந்தர வாசம் உண்டு, குடியுரிமை இல்லை. அதிக நாள் வெளியே இருந்தால் திரும்பி வரும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். மணி பொருத்த ஊருக்குப் போய் நான்கு மாதம் தங்கியதற்கே கடிதம் வந்தது. ஏன் வெளியே இருந்தீர்கள் என்ற கட்டத்தில், யாரையும் கேட்காமல் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அதிகாரி இளம்பெண். படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினாள். அவர் தமிழர்.

"ஐயா, நீங்க எழுதினதுக்கு, 'மனைவியை மணியா மாட்டினேன்'னு அர்த்தம் வருது" என்றார்.

மூவரும் சிரித்தோம். அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டும் கிடைத்தது. இனி வெளியே தங்கினால் சிரமம் என்று சிரித்த முகத்தோடே சொல்லி அனுப்பினார்கள்.

அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அங்கே போய் உட்கார்ந்தால் நான் யார் என்பது. இங்கே நான் ஏழுமலை. அங்கே எட்டாம் நம்பர் அறைக்காரன்.

கலா நல்ல பிள்ளைதான். ஆனால் அம்மாவுக்குப் போன் செய்ய மாட்டாள். கேட்டால், "அம்மா பேச மாட்டாங்க, நான் என்ன பேசுறதுப்பா? ஸ்க்ரீனைப் பார்த்துட்டே உட்காரணும்" என்பாள். நான் அப்படித்தான் தினம் உட்காருகிறேன்.

3

மணி பொருத்திய கதைக்கு வருகிறேன்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பட்டன். அழுத்தினால் வாசல் மேசையில் இருக்கும் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து, வேலை செய்யும் ஐந்து பெண்களின் இடுப்பில் இருக்கும் பேஜருக்குப் போகும். பேஜர் அதிர்ந்து அறை எண்ணைக் காட்டும். இவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டடம் பழைய கருங்கல் கட்டடம், சிக்னலைத் தின்றுவிடும். மாடிப்படி வளைவில் சிக்னலை வாங்கித் தள்ளிவிடும் ரிப்பீட்டர் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று என்று நான் இடம் தேடித் தேடி வைத்தேன். மொட்டை மாடியில் வைத்த ஆன்டெனாவைக் குரங்கு மூன்று தடவை பிடுங்கியது. நான்காவது தடவை முள்கம்பி சுற்றிவிட்டேன்.

சோதனைக்குத் துணை வந்தவர் முனிரத்தினம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்தநோய் வந்து இப்போது இருட்டும் வெளிச்சமும்தான் தெரியும். ஆனாலும் கழுத்தில் விசில் தொங்கும். என் பட்டனை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று கடைசிவரை சாதித்தார்.

"ஒரு கழுத்துக்கு ஒண்ணு போதும் சிங்கப்பூராரே. இது முப்பது வருசமா தொங்குது. ஒரு விசில் அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சா போவும். உங்களுது இன்னா பண்ணும்?"

"ஊர் தாண்டி, கடல் தாண்டி என் போன்ல அடிக்கும் கண்டக்டரே."

"அங்க அடிச்சா? பிளேன் புடிச்சு வந்து தூக்கி உடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அது வெறும் கேலி.

முதலில் பெட்டி சத்தமாகத்தான் அடித்தது. பகலில் தூங்குகிறவர்கள் திட்டினார்கள். உடனே நான் பெட்டியின் சத்தத்தை நிறுத்தி, பேஜரை அதிர மட்டும் விட்டேன். சிங்கப்பூரில் அப்படித்தான், சத்தமே இருக்காது, அதுதான் தரம் என்று பெரிய பேச்சுப் பேசினேன். பேஜர் இடுப்பிலிருந்து நழுவி விழுகிறது என்றார்கள். ஆம்பூருக்கு ஆள் அனுப்பி அசல் தோலில் ஐந்து உறை செய்து, பேஜரை உள்ளே வைத்துக் கழற்ற முடியாதபடி தைக்கவும் வைத்தேன்.

கௌரி என்று ஒரு பெண், பச்சையம்மாவைக் கவனித்துக்கொள்கிறவள், அடி அண்ணாமலைக்காரி. உறையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"தோலாங்கண்ணா?"

"அசல் தோலும்மா. பத்து வருஷம் உழைக்கும்."

"ரெக்சின்ல கெடைக்காதுங்களா?"

"அதெல்லாம் கம்மி சரக்கு."

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டாள். விலை உயர்ந்த பொருள் என்று கூச்சப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

4

போன வருஷம் தீபத்தன்று நான் சிங்கப்பூரில் இருந்தேன். முந்தின நாள் கௌரி போன் செய்திருந்தாள்.

"அண்ணா, நாளைக்கு அக்காவ மாடிக்குத் தூக்கிக்கினு போயி தீபம் காட்டட்டுங்களா? அஞ்சு பேரு இருக்கோம், நாற்காலியோட தூக்கிடுவோம். தெனம் ஜன்னலையே பாத்துக்கினு கீறாங்க. அங்கேருந்து பாதி மலதான் தெரியுது."

அந்த மாடிப்படியை எனக்குத் தெரியும். ரிப்பீட்டர் மாட்டும்போது நானே ஒரு தடவை சறுக்கினேன். நாற்காலி சாய்வதும் அவள் உருளுவதும் கண்ணில் வந்தது.

"வேணாம். தொடாதீங்க. கீழயே இருக்கட்டும். ஏதாவதுன்னா மணி இருக்கு" என்றேன்.

மறுநாள் இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அங்கே மாலை, தீபம் ஏற்றும் நேரம். நேரடி ஒளிபரப்பு. கலா அகல் விளக்குகளை எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள். மலையில் தீபம் தெரிந்த பிறகு வீட்டில் ஏற்றுவது நம் வழக்கம். அதை மட்டும் அவள் விடவில்லை.

போன் அலறியது. ஏழு சிவப்பு.

கௌரி பார்ப்பாள் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. இல்லத்து மேசைப் போனுக்கு அடித்தேன். அடித்து அடித்து நின்றது. கௌரியின் போன் கிடைக்கவில்லை. செயலாளர் போன் கிடைக்கவில்லை. ஊர் கொள்ளாத கூட்டம், அத்தனை பேர் கையிலும் போன், எந்தக் கோபுரம் தாங்கும். பேசப் போனால் வழி இல்லை. ஆனால் இல்லத்தின் இன்டர்நெட் தரைக் கேபிளில் வருவதால் என் மணி மட்டும் ஒழுங்காக வந்து அடித்தது.

சிவப்பு மாறாமலே, மறுபடி அழுத்தியது தெரிந்தது. இரண்டாவது தடவை. கொஞ்சம் இடைவெளி. மூன்றாவது தடவை.

"அப்பா, ரிலாக்ஸ்பா. டெஸ்ட் பண்றாங்களா இருக்கும்."

"இந்த நேரத்துல எவன்டி டெஸ்ட் பண்ணுவான்?"

"ஸ்டாஃப் இருக்காங்கப்பா."

"எங்க இருக்காங்க?"

கேட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தேன். இருட்டில் மலை. கீழே வீதி, மாடி, சுவர், மரக்கிளை, எங்கே பார்த்தாலும் ஜனம், எல்லா முகமும் ஒரே பக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நிமிஷம் திருவண்ணாமலையில் ஒருவரும் கூரைக்குக் கீழே இருக்க மாட்டார்கள். சோறு கொதிக்கிற அடுப்பைக்கூட அணைத்துவிட்டு மாடிக்குப் போவார்கள். அந்த ஊரில் மைக்செட் ஏணியில் நின்று வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு அறைக்கும் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தவன், வருஷத்தில் ஒரு பொழுது அந்தக் கட்டடம் மொத்தமாகக் காலியாகும் என்பதை நினைக்கவில்லை.

அப்படியும் ஒரு நம்பிக்கை இருந்தது. மாடியிலும் சிக்னல் கிடைக்கும், நானே சோதித்தேன். இடுப்பில் பேஜர் அதிருமே. ஏன் யாரும் இறங்கவில்லை?

மலை உச்சியில் தீ பிடித்தது. டிவியில் அரோகரா என்று ஒரே முழக்கம். கலா கை கூப்பினாள். பேரப் பிள்ளைகளும் கூப்பினார்கள். நான் ஒரு கையில் சிவப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு தீபத்தைப் பார்த்தேன். எதற்காக அவளை அந்த ஊரில் விட்டேனோ, அந்தத் தீபத்தைக் கடல் தாண்டி நான் பார்க்கிறேன். அதன் காலடியில் கிடக்கிற அவள் பார்க்கவில்லை. சாமியிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பச்சை, பச்சை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எத்தனை நிமிஷம் என்று போனில் பதிவு இருக்கிறது. பதினெட்டு. பிறகு ஏழு பச்சையானது. யார் நிறுத்தினார்கள், எந்த நிலையில் நிறுத்தினார்கள், ஒன்றும் தெரியாது. கௌரியின் போன் கிடைக்க மேலும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

5

கௌரி அழுதுகொண்டே சொன்னது இது.

தீபத்துக்கு அவர்கள் ஐந்து பேரும் விரதம். தோலைக் கட்டிக்கொண்டு தீபம் பார்க்கக் கூடாது. உறையிலிருந்து பேஜரை எடுக்கலாம் என்றால் தைத்திருக்கிறது. அதனால் ஐந்தையும் வாசல் மேசையின் இரும்பு டிராயரில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார்கள். நடக்க முடிந்தவர்கள் கூடவே போனார்கள். பத்து நிமிஷம்தானே என்று நினைத்தார்கள்.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ரெக்சின்ல கெடைக்காதான்னு கேட்டனேங்கண்ணா."

கேட்டாள். எனக்கு மைக்செட் முதலாளி ஞாபகம் வந்தார். தீப வேலைக்குக் கோயில் பக்கம் ஏணி சாய்க்கும்போதெல்லாம் கத்துவார்: "டேய், பெல்ட்ட அவுத்து வெச்சுட்டு ஏறுடா. தோலக் கட்டிக்கினு சாமிக்கு லைட்டு போடப் போறியா?" வருஷா வருஷம் அவிழ்த்து வைத்துவிட்டு ஏறினவன் நான். நாற்பது வருஷம் தோல் பெல்ட்டில் ஸ்க்ரூடிரைவர் சொருகி நடந்ததில் அது எனக்கு மறந்தே போயிற்று.

மிச்சத்தை முனிரத்தினம் சொன்னார். தீபத்தை அவரால் பார்க்க முடியாது, அதனால் மாடிக்குப் போகவில்லை.

"வாசல்ல குந்தினு இருக்கேன், டிராயருக்குள்ள அஞ்சு வண்டு கத்துற மாதிரி டர்ர்ருனு ஒரு சத்தம். திருப்பித் திருப்பி. உங்க மெஷினுன்னு புரிஞ்சிபோச்சு. நெம்பர் எனக்கு எங்க தெரியும்? ரூம் ரூமா செவுத்தப் புடிச்சிக்கினே போனேன். ஏழாவுதுல கால்ல எடறிச்சு. தங்கச்சி தரையில கெடந்துச்சு. என்னால தூக்க முடியுமா? படிக்கட்டாண்ட வந்து அடிச்சேன் பாருங்க விசிலு, ரெண்டு ரெண்டா."

மேலே அரோகரா முழக்கத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே, பஸ் புறப்படுகிற மாதிரி கேட்டதாம். கௌரிதான் முதலில் ஓடி வந்தாள்.

பச்சையம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. மிச்சமிருந்த ஒரே கை. மாவுக்கட்டுப் போட்ட ஆறு வாரமும் அவளால் பட்டனை அழுத்த முடியாது, கத்தவும் முடியாது. அந்த ஆறு வாரமும் முனிரத்தினம் நாற்காலியை அவள் கதவோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு மாறினால் கேட்கும் என்றார். அவருக்குக் கேட்கும். எனக்கு இங்கே ஒரு பச்சைப் புள்ளி மட்டும் தெரிந்தது. அது என்ன பச்சை?

ஒரு விஷயம் பாக்கி. கட்டு அவிழ்த்த பிறகு கௌரி அவளிடம் கேட்டிருக்கிறாள், "விழுந்த பின்னாலதான் அழுத்தினீங்களா அக்கா?" என்று. இல்லை என்று தலையாட்டினாள். விழுவதற்கு முன்பே. ஜன்னலைக் காட்டி, மேலே விரலைக் காட்டினாள். மாடிக்குத் தூக்கிப் போகச் சொல்லி அழுத்தியிருக்கிறாள். மூன்று தடவை. யாரும் வராததால் தானே ஜன்னலுக்கு எட்டப் போய் நாற்காலியிலிருந்து விழுந்தாள். வேண்டாம் என்று சொல்லி அவளைக் கீழே உட்கார வைத்தவன் நான்.

6

செயலாளர் ஐயா, மலர் அச்சுக்குப் போகும் முன் இதைக் கவனிக்கவும்.

"நிர்வாகத்தின் பெருமுயற்சி" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. மணியைப் பொருத்தியது ஏழுமலை. முழுப் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்துப் போடுங்கள். வாசல் மேசைக்கு மேலே பலகையிலும் எழுதுங்கள். கேட்டு வாங்குகிறேன் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். கேட்காமல் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

அதே அளவு எழுத்தில், அதன் கீழேயே இதையும் போடுங்கள்: சத்தத்தை நிறுத்தியது ஏழுமலை. தோல் உறை தைக்க வைத்தது ஏழுமலை. மாடிக்குத் தூக்காதே என்றது ஏழுமலை. உயிரைக் காத்தது கண்டக்டர் முனிரத்தினத்தின் விசில். முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. என் பங்கு என்றால் முழுப் பங்கும் எனக்கு வேண்டும்.

வந்ததும் பெட்டியில் சத்தத்தைத் திரும்ப வைக்கிறேன். ஐந்து துணி உறை தைத்தாயிற்று, கலாதான் இங்கே தைத்தாள். அம்மாவிடம் வீடியோவில் அதைக் காட்டினாள், இரண்டு பேரும் வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப்பித்த அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் அங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டேன். திரும்பி வர விடுவார்களா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்கு இந்தப் பயம் எவ்வளவோ தேவலாம்.

இந்தத் தீபத்துக்குப் பச்சையம்மாவை நாற்காலியோடு மேலே தூக்கிப் போங்கள். கௌரியும் மற்றவர்களும் போகட்டும். முனிரத்தினத்தையும் கூட்டிப் போங்கள், அந்த வெளிச்சமாவது அவர் கண்ணுக்குத் தெரியலாம். கீழே வாசல் மேசையில், மலைக்கு முதுகு காட்டி, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். வேலை அட்டவணையில் தீப நேரத்துக்கு நேரே அவன் பெயரைத் தெளிவாக எழுதி வையுங்கள். ஏழுமலை.